மூவர் படையில் நான்காவது ஆள்

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள பியூஸுக்கு,

தூசி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் ஆசை. ஆனால் நீ சுகமாக இருக்கும் நாட்களில் பாதி ஊரில் விளக்கு எரிவதில்லை. அதனால் லேசான தலைவலியோடு, மற்றபடி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை உன் பழைய யூனிஃபார்ம் கோட்டின் உள்பையில் வைக்கிறேன். நீ படையை விட்டுப் போன வாரம் சலவைக்குப் போட்டாயே, அது இன்னும் அந்தக் கடையில்தான் தொங்குகிறது. நேற்று நம் கிரேன் பயலின் சட்டைகளை வாங்கப் போனபோது கடைக்கார அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தப் பொண்ணு வாராவாரம் வருது. கோட்டைத் தொட்டுப் பாக்குது. அப்புறம் வாங்கிக்கறேன்னு சொல்லிட்டுப் போயிடுது." முகமூடி இல்லாத உன்னை ஊருக்கு அடையாளம் தெரியாது. எனக்குத் தெரிந்தது. சட்டைகளை நானே எடுத்துக்கொண்டு வந்தேன், "அக்கா, அக்கா" என்று எவ்வளவு கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை.

போன் பண்ணலாமே என்பாய். ஊரில் எந்தப் போன் பேசினாலும் நம் படை ராடார் பயல் காதில் விழும். மாஸ்டர் அவனை உன் குரலைத் தேடச் சொல்லியிருக்கிறார். காகிதம்தான் சத்தம் போடாது.

படையின் செய்திகளைக் கேள். பழைய நீச்சல் குளத்துக் கட்டடத்தில்தான் இன்னும் இருக்கிறோம். தண்ணீர் இல்லாத குளத்தில் ஆழமான பக்கம் பயிற்சி, ஆழமில்லாத பக்கம் சாப்பாடு. கிரேன் மறுபடியும் கதவைக் கைப்பிடியோடு பிடுங்கிவிட்டான், மாஸ்டர் வெறுத்துப்போய் வாசலுக்குத் திரை போட்டுவிட்டார். பட்டம், பறக்கிறேன் பேர்வழி என்று கூரை வலையில் போய் மாட்டிக்கொண்டாள். துடைப்பத்தால் தள்ளி இறக்கினோம். மூன்று தெரு தாண்டி யார் இருமினாலும் ராடாருக்குக் கேட்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து "உப்பை எடுடா" என்று நான் கேட்டால் கேட்பதில்லை.

போன வாரம் கிரேன் என் மேலேயே உட்கார்ந்துவிட்டான். சோபாவில் படுத்திருந்தேன். "இந்தப் பக்கம் மெத்துன்னு இருக்கு, நீயும் வா" என்று பட்டத்தையும் கூப்பிட்டான். மணியை ஆட்டிய பிறகுதான் எழுந்தார்கள்.

ஆமாம், மணி இன்னும் என் கழுத்தில்தான் இருக்கிறது. திட்டாதே.

நீ இருந்தவரை ஒவ்வொரு வேலை முடிந்து வந்ததும் வாசல்படியில் நின்று "தூசி வந்தாச்சு" என்று கத்துவாய். அப்போதுதான் மற்றவர்கள் கண் என் மேல் வந்து நிற்கும். இப்போது சொல்ல ஆளில்லை. நானே சொல்லிப் பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை.

கோட்டை வாங்கிக்கொண்டு போய்விடாதே. அது போனால் நமக்குத் தபால் பெட்டி இல்லை.

உன்
தூசி


மார்ச் 9, திங்கள்

தூசி,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அவ்வளவு கோபம்.

உனக்கு எப்போதுதான் ரோஷம் வரும்? மேலே உட்கார்ந்தானாம், அதை எனக்கு வேடிக்கைபோல எழுதுகிறாய். மீன் குடோனில் தீப்பிடித்த அன்று நான் ஜுரத்தில் படுத்திருந்தேன். வேலை முடிந்து வந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். "தூசி எங்கடா?" என்று கேட்டேன். கிரேன் கரண்டியோடு திரும்பி "யாரு?" என்றான். அந்த ஒரு சொல்லை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "தலை எண்ணிட்டுத்தான் கிளம்பினேன். எல்லாரும் வந்துட்டோமே" என்றான். நீ குளிர்பதன அறையில் மீன் பெட்டிகளுக்கு நடுவே உதடு நீலம் பாய்ந்து கிடந்தாய். பூட்டை உருக்கி உன்னை வெளியே இழுத்தால், "பியூஸு, உனக்கு ஜுரம் விட்டுடுச்சா?" என்று என்னைக் கேட்கிறாய். அடிப் பாவி.

அதற்கு மாஸ்டர் கண்டுபிடித்த வைத்தியம் மணி. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கேட்பார்கள். கூடப் பிறந்தவள்போல வளர்ந்தவளுக்குக் கட்டிப் பார்த்தது நம் படைதான். "அவ பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார். அன்றைக்கே மூட்டையைக் கட்டினேன். நீயும் பின்னாலேயே வருவாய் என்று தெருமுனையில் நின்றுகொண்டிருந்தேன். இருட்டும் வரை நின்றேன்.

விடுதியில் அடுக்குக் கட்டிலில் மேலே நீ, கீழே நான் என்று வளர்ந்தோம். உனக்கும் எனக்கும் வேறு யார் இருந்தார்கள்? மற்றவர்களிடம் இருப்பது வெறும் கண், அது உன் மேல் பட்டதும் வழுக்கிவிடுகிறது. என் உடம்பில் ஓடும் மின்சாரம் ஏமாறாது. நீ அறைக்குள் வந்தால் என் கையில் மயிர் சிலிர்க்கும், திரும்பினால் நீ நிற்பாய். இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம், அப்படியே இருக்கட்டும்.

நான் ஏன் விளக்கை அணைக்கிறேன் என்று டி.வி.யில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உன்னிடம் சொல்கிறேன். இருட்டில் யாருக்கும் யாரையும் தெரியாது. அப்போது ஊர் முழுக்க உன்னைப்போல ஆகிவிடுகிறது. கொஞ்ச நேரமாவது எப்படி இருக்கிறது என்று அவர்களும் பார்க்கட்டுமே.

கைவிட்ட பஸ் டிப்போவில் இருக்கிறேன். படுக்கை ஒரு பழைய பஸ்ஸில். கடைசி வரிசை சீட்டு நீளமானது, அதில் நான் படுப்பதில்லை. நீ வந்தால் உனக்கு.

பியூஸ்


மார்ச் 15, ஞாயிறு

அன்புள்ள பியூஸுக்கு,

நீ அடித்துவிட்ட 'அன்புள்ள'வை நான் சேர்த்து இரண்டு தடவை எழுதியதாக வைத்துக்கொள்.

கடைசி சீட்டைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அழுதேன். வந்துவிடலாம் என்றுதான் பையைக்கூட எடுத்தேன். அதற்குள் வியாழக்கிழமை நீ அணைத்தாய்.

நீ இழுத்த அந்த லைனில் ஒரு மருத்துவமனை இருக்கிறது பியூஸு. அதில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஒரு வார்டு. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உள்ளங்கை அளவு குழந்தைகள். ஜெனரேட்டர் மக்கர் பண்ணியது. கிரேன் அதன் சக்கரத்தைக் கையாலேயே சுற்றினான், நீ கரண்டைத் திருப்பிவிடும் வரைக்கும் சுற்றினான். அவன் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. பட்டம் வேறு மருத்துவமனையிலிருந்து பேட்டரிகளைத் தூக்கிக்கொண்டு பறந்தாள், இந்தத் தடவை எதிலும் மாட்டவில்லை. நான் ஒரு பெட்டிக்குள் கையை விட்டு ஒரு குழந்தையின் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நர்ஸுக்கு நான் தெரியவில்லை. குழந்தைக்குத் தெரிந்ததா என்று தெரியாது. உதைத்தது.

எல்லாம் பிழைத்துவிட்டன. ஆனால் பிழைக்காமல் போயிருந்தால் எனக்காகத்தான் அணைத்தேன் என்று நீ சொல்லியிருப்பாய், அந்தப் பாரத்தை நான் எங்கே கொண்டுபோய் இறக்குவது?

கிரேன் முட்டாள்தான். அவன் கெட்டவன் இல்லை. நீ கெட்டவள் இல்லை என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். யாருக்கும் கேட்பதில்லை, ஆனால் சொல்கிறேன்.

நிறுத்திவிடு.

தூசி


மார்ச் 19, வியாழன்

அன்புள்ள தூசிக்கு,

வார்டு இருப்பது எனக்குத் தெரியாது. இதைத் தவிர எதையும் எழுத வரவில்லை. இந்தக் கடிதத்தை எத்தனையோ முறை ஆரம்பித்துக் கிழித்தேன்.

நிறுத்தித்தான் பார்த்தேன். முடியவில்லை. முதலில் கோபத்தில் ஊர்க் கரண்டை உடம்புக்குள் எடுத்தேன், இப்போது எடுக்காமல் இருக்க முடியவில்லை. ஊரில் எல்லா விளக்கும் எரியும்போது என் உடம்பு கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல இருக்கிறது. நிறைத்தால்தான் தூக்கமே வருகிறது. அந்தப் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருக்கிறேனே, உள்ளே அந்த ரீங்காரம் ஒன்றுதான் எனக்குப் பேச்சுத்துணை. இதெல்லாம் எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

வருகிற வாரம் சனிக்கிழமை, 28ஆம் தேதி, பெரிய மின் நிலையத்துக்குப் போகிறேன். முழு ஊரையும் எடுக்கப் போகிறேன். ஒளிந்து செய்ய மாட்டேன், டி.வி.க்காரர்களுக்கும் சொல்லிவிட்டேன். மருத்துவமனைகள் ஜெனரேட்டரைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளட்டும். ஒரே ஒரு தடவை வயிறு நிறைய எடுத்தால் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். நீ நம்ப மாட்டாய். எனக்கே பாதி நம்பிக்கைதான்.

அன்றைக்கு நீ அந்தப் பக்கம் வராதே. உன் மேல் பட்டுவிட்டால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்.

பியூஸ்


மார்ச் 24, செவ்வாய்

என் பியூஸுக்கு,

வராதே என்கிறாய். என்னைத்தான் அனுப்புகிறார்கள்.

நேற்று மாஸ்டர் ஒரு இரும்புக் காப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். உன் மணிக்கட்டில் மாட்டிக் கொக்கியை அழுத்தினால் உடம்பிலிருக்கும் மின்சாரமெல்லாம் தரைக்கு இறங்கிவிடுமாம். பிறகு எப்போதும் ஊறாதாம். "கிட்டக்கூட யாராலயும் போக முடியாது. கண்ணுக்குத் தெரியாதவ ஒருத்திதான் போகணும்" என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சரியாக நான் இருக்கும் இடத்துக்கு இல்லை, கொஞ்சம் இடது பக்கமாக.

உனக்கு மட்டும் நான் தெரிவேன் என்பது இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. நீ "தூசி வந்தாச்சு" என்று கத்தியதை வெறும் பழக்கம் என்றே நினைத்திருக்கிறார்கள். இந்தத் திட்டம் முழுவதும் அந்த ஒரு ஓட்டையின் மேல் நிற்கிறது.

உனக்குக் கேட்கக்கூடாது என்று மணியைக் கழற்றிவிட்டார்கள். நீ எதற்காகச் சண்டை போட்டாயோ அது நடந்துவிட்டது. மணி இல்லாததால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கிரேன் "தூசி, இருக்கியா?" என்று கேட்கிறான். ரொட்டியில் வெண்ணெய் தடவி என் பக்கம் நகர்த்துகிறான். பட்டம் தன் கையுறையைத் தந்தாள். சந்தோஷமாக இருந்தது பியூஸு. உன்னைப் பிடிக்கப் போகிறேன் என்பதற்காகக் கிடைத்த கவனிப்பு என்று தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. வெட்கக்கேடு.

இப்போது நான் சொல்வதைக் கேள். அந்தக் காப்பு உன் கையில் விழுந்தால், இந்த உலகத்தில் என்னைப் பார்க்க ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். விழாவிட்டால் அந்த வார்டுக்கு மறுபடியும் இருட்டு. இதில் எதை வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை நான் அந்த அறைக்குள் வருவேன், நீ திரும்பிப் பார்ப்பாய். நீ அடித்தாலும் அடி. அதைவிட, அங்கே போகாமலே எங்காவது கண்காணாத இடத்துக்குப் போய்விடு. எனக்காக இதைச் செய்யேன்.

எதிரிக்குத் துப்புக் கொடுத்தவள் என்று என்னைத் திட்டலாம். திட்டுவதற்கு முதலில் என்னைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உன்
தூசி


ஏப்ரல் 20, திங்கள்

என் பியூஸுக்கு,

நீ இருக்கும் சீர்திருத்த இல்லத்தில் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்களாம். படிக்கட்டும்.

ஏன் அப்படிச் செய்தாய்?

கண்ட்ரோல் ரூம் கதவைத் திறந்தபோது எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். அந்த அறையில் ஏசி பல்லைக் கிடுகிடுக்க வைத்தது. நீயோ இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, ஊசி போட்டுக்கொள்ள வந்தவளைப்போல நாற்காலியின் பிடியில் நீட்டி வைத்திருந்தாய். கையில் மயிர் சிலிர்த்து நின்றதை வாசலிலிருந்தே பார்த்தேன். நான் வந்தது உனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் நீ திரும்பவில்லை. காப்பை மாட்டினேன், கொக்கி சரியாக விழவில்லை. உன் வலது கை வந்து அதை அழுத்தியது. நீயே அழுத்தினாய்.

பிறகு நாற்காலியைச் சுழற்றி என்னைப் பார்த்துத் திரும்பினாய். உன் கண் என் மேல் பட்டு, வழுக்கி, சுவருக்குப் போனது. "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாய். அதை உன் வாயிலிருந்து கேட்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

டி.வி.யில் 'மூவர் படை ஊரைக் காத்தது' என்று மூன்று பேர் படத்தையும் காட்டினார்கள். மாஸ்டர் மணியை மறுபடி எடுத்துவந்தார். வாங்கிக் குளத்தின் வடிகாலில் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டுப் போய்விட்டார்.

போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் உன்னைப் பார்க்க வந்தேன். கூடத்தில் உனக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். என் தோளுக்கு மேலாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். மேஜையில் உன் விரலைத் தொட்டேன், ஈயை ஓட்டுவதைப்போலக் கையை உதறினாய். நேரம் முடிந்ததும் காவல்கார அம்மாவிடம், "இன்னிக்கும் எனக்கு யாரும் வரலையாக்கா?" என்று கேட்டாய்.

வந்திருந்தேன் பியூஸு. வேறு என்ன சொல்வது?

தூசி


மே 4, திங்கள்

அன்புள்ள தூசிக்கு,

உன் கடிதம் போன வாரக் கடைசியில்தான் கைக்கு வந்தது. படித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அது உனக்காகத்தான்.

ஏன் என்று கேட்டிருந்தாய். உன்னை அடிக்க முடியாது. ஓடிப்போனால் வேறு ஊரில் எடுப்பேன், அங்கேயும் வார்டு இருக்கும். என்னை நிறுத்த வேறு வழி தெரியவில்லை. உன்னைத் திரும்பிப் பார்த்தால் கையை மடக்கிக்கொள்வேன் என்று பயந்துதான் பார்க்கவில்லை. கடைசியாக ஒருமுறை பார்த்திருக்கலாம். அதுதான் இப்போது தூங்கவிடவில்லை. உன் முகத்தை நினைத்துப் பார்க்கப் போனால் அதுவும் வழுக்குகிறது. கையெழுத்து மட்டும் நிற்கிறது.

இங்கே பரவாயில்லை. தையல் சொல்லித் தருகிறார்கள். உள்ளே ரீங்காரம் இல்லை, முதலில் காது அடைத்ததுபோல இருந்தது, பழகிவிடும் என்கிறார்கள். என் பக்கத்துக் கட்டில்காரி தூக்கத்தில் கணக்குப் போடுகிறாள், அதுவும் தப்பாக.

ஆனால் நேற்று! நேற்று நான் உன்னைத் தவறவிட்டேனா பார்த்தாயா? கூடத்துக்குள் வந்ததும் எதிர் நாற்காலியைத் துடைத்துவிட்டேன். காவல்கார அம்மா அதை வேறு மேஜைக்கு எடுக்க வந்தார். "ஆள் இருக்கு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். எனக்குக் கொடுத்த பன்னில் பாதியைப் பிய்த்து உன் பக்கம் வைத்தேன். நீ எடுத்துக்கொள்ளவில்லை, கூச்சமா?

நேரம் முடியும் வரை நான்தான் பேசினேன். விடுதி வார்டன் உன்னைத் தேடினாரே, கையில் டார்ச் லைட் கனக்கிறது என்று உன்னிடமே கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கட்டிலுக்கடியில் உன்னைத் தேடினாரே, அந்தக் கதையைச் சொன்னேன். நீ சிரிக்கும் இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தினேன். சிரித்து முடித்திருப்பாய் என்று தோன்றிய பிறகுதான் மேலே சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், போகட்டும். அப்புறம் வார்டைப் பற்றிச் சொன்னேன். அதை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அழுதுவிட்டேன். நீ கையைப் பிடித்திருப்பாய், எனக்குத் தெரியும். இந்த முறை உதறக்கூடாது என்று கையை அசைக்காமல் வைத்திருந்தேன்.

எல்லாம் கேட்டாய்தானே?

உன்
பியூஸ்


மே 7, வியாழன்

என் உயிரான பியூஸுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை.

இந்த வரியை எழுதுவதற்குள் ஒரு பகல் போய்விட்டது. 'ஆமாம், எல்லாம் கேட்டேன், வயிறு வலிக்கச் சிரித்தேன்' என்று எழுதியிருக்கலாம். உனக்குத் தெரியவா போகிறது? ஆனால் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றாகிவிடும். என்னைப் பார்க்க முடியாத உனக்கு என் வார்த்தை ஒன்றுதான் இருக்கிறது. அதையும் பொய்யாக்க மனம் வரவில்லை.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். உன்னிடம் வரத்தான் உடை மாற்றிக்கொண்டிருந்தேன். ஆழமில்லாத பக்கத்தில் கிரேன் தட்டு வைத்துக்கொண்டிருந்தான். மூன்று வைத்தான். கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு இன்னொன்றை எடுத்துவந்து வைத்தான். "யாருக்குடா அது?" என்றாள் பட்டம். "தெரியலை. யாருக்கோ வெக்கணும்னு தோணுச்சு" என்றான். மணி இல்லை, நான் வாயைத் திறக்கவில்லை. அவனாகவே வைத்தான். எனக்குக் கால் நகரவில்லை பியூஸு. உட்கார்ந்து சாப்பிட்டேன். நீதான் என்னைப் பார்க்கப் போவதில்லையே, ஒரு வாரம் போகாவிட்டால் உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். நல்ல பசி.

அதே நேரத்தில் நீ எனக்குப் பன்னைப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாய்.

இத்தனை வருஷமாக நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்த்து எல்லோரும் காலி என்பார்கள். காலி நாற்காலியைப் பார்த்து நான் இருக்கிறேன் என்று சொன்னவள் நீ ஒருத்திதான். நான் வராமல் போனதை எப்படிப் பொறுப்பாயோ தெரியாது. பொறுக்க முடியாவிட்டால் பதில் எழுதாதே, புரிந்துகொள்கிறேன். ஆனாலும் வருவேன்.

கிரேனிடம் எழுதிக் காட்டிவிட்டேன்: 'ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தட்டு வைக்காதே, பியூஸைப் பார்க்கப் போகிறேன்.' நிமிர்ந்து, கிட்டத்தட்ட என் முகத்தைப் பார்த்து, "அவளைக் கேட்டேன்னு சொல்லு" என்றான். சொல்லிவிட்டேன்.

வரும் ஞாயிறு எதிர் நாற்காலியில் இருப்பேன். உனக்குத் தெரியாது. நான் சொல்வதை நம்பத்தான் வேண்டும். அன்றைக்குச் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொல், வார்டு வரைக்கும். அழுகை வந்தால் அழு, நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன். டார்ச் லைட் கதையில் ஆரம்பி. நான் சிரிக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் அதிகமாக நிறுத்து.

உன்
தூசி